ஈர்ப்பின் கணக்கு – 17: மைசூர்ப் பட்டதாரி எறிந்த அலை

சென்ற இதழை ஐ.பி.எம். 7090 கணினியில் நின்றுபோன ஒரு கணக்கோடு முடித்திருந்தோம். 1964ஆம் ஆண்டு. சூசன் ஹானும் ரிச்சர்ட் லிண்ட்குவிஸ்ட்டும் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளை முழுசாகவே கணினிக்குள் ஏற்றி, இன்று நாம் கருந்துளைகள் என்று சொல்லும் இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று நெருங்குவதைப் பார்க்க முயன்றார்கள். 51க்கு 151 புள்ளிகள் கொண்ட கட்டம், 50 காலப்படிகள், ஏறத்தாழ நான்கு மணி நேர ஓட்டம். அதற்குள் பிழை மலிந்து, வந்த எண்களை நம்ப முடியாமல் போயிற்று. இப்படி நடக்கும் என்று சார்லஸ் மிஸ்னர் 1957இலேயே சாப்பல் ஹில் மாநாட்டில் கிண்டலாகச் சொல்லியிருந்தார். தொடக்க நிலையைச் சரியாக அமைக்காமல் இந்தச் சமன்பாடுகளை ஓட்டினால் ஒன்று நிரல் எழுதியவர் தன்னையே சுட்டுக்கொள்வார், இல்லையென்றால் இயந்திரம் வெடித்துவிடும் என்பது அவர் கணிப்பு.

அந்த மிஸ்னரிடம் ஆய்வு மாணவராகப் போய்ச் சேர்ந்த ஒரு கன்னடக்காரரைப் பற்றியது இந்த இதழ். அவர் முழுச் சமன்பாட்டின் பக்கமே போகவில்லை. அதிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டி எடுத்தார். அதை ஒழுங்காகக் கணக்குப் போட்டார். இரண்டு கருந்துளைகள் மோதுவதை முழுசாகக் கணக்கிட உலகம் 2005 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இவர் கணக்கு 1970இலேயே அச்சில் வந்துவிட்டது.

சி. வி. விஷ்வேஷ்வரா, நண்பர்களுக்கு விஷு, 1938 மார்ச் 6 அன்று பெங்களூரில் பிறந்தவர். தந்தை கன்னட எழுத்தாளர் சி. கே. வெங்கடராமய்யா. பெயரைப் பார்த்ததும் கிருஷ்ணராஜ சாகர் அணையைக் கட்டிய விஸ்வேஸ்வரய்யா நினைவுக்கு வந்தால் வியப்பில்லை. அவர் வேறு, இவர் வேறு. ஆனாலும் ஒரு சிறு முடிச்சு உண்டு. விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்தபோதுதான், நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆட்சியில், 1916 ஜூலை 27 அன்று மைசூர்ப் பல்கலைக்கழகம் தொடங்கியது. அன்றைக்கு அதன் கையில் இருந்தவை முக்கியமாக இரண்டு கல்லூரிகள்: மைசூரில் மகாராஜா கல்லூரி, பெங்களூரில் சென்ட்ரல் கல்லூரி. கலைப் பாடங்கள் மைசூருக்கு, அறிவியல் பெங்களூருக்கு என்று பாகம் பிரித்தாயிற்று. தமிழ் வாசகர்களுக்கு மகாராஜா கல்லூரி தெரிந்த இடம்தான். ராதாகிருஷ்ணன் தத்துவம் கற்பித்ததும், ஆர். கே. நாராயணும் தம்பி லக்ஷ்மணும் படித்ததும் அங்கேதான். சென்ட்ரல் கல்லூரி அவ்வளவாக நம் காதில் விழுந்ததில்லை.

விஷ்வேஷ்வரா சென்ட்ரல் கல்லூரிக்காரர். 1958இல் பி.எஸ்சி. ஆனர்ஸ், 1959இல் எம்.எஸ்சி.; இரண்டும் மைசூர்ப் பல்கலைக்கழகப் பட்டங்கள். பெங்களூருக்கென்று தனிப் பல்கலைக்கழகம் வந்தது 1964இல்தான். அவர் பட்டம் வாங்கிய இரண்டு ஆண்டுகளிலும் துணைவேந்தராக இருந்தவர் கவிஞர் குவெம்பு. ஒரு பெருங்கவிஞர் தலைமையில் இருந்த பல்கலைக்கழகத்தில், ஓர் எழுத்தாளரின் மகன் இயற்பியல் பட்டம் வாங்கினார். பின்னாளில் அவருடைய விரிவுரைகளில் கேலிச் சித்திரங்கள் நிறைய இருக்கும். எல்லாம் அவரே வரைந்தவை. கருந்துளையைப் பற்றி அவர் எழுதிய புத்தகத்தின் தலைப்பில் குளியல் தொட்டியின் நுரைகூட உண்டு. கேலிச்சித்திரக்காரர் லக்ஷ்மண் படித்த பல்கலைக்கழகத்திலிருந்து இப்படி இன்னொருவர் வந்ததை நான் தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன், ஆனால் எழுதாமல் விட மனமில்லை.

பெங்களூரிலிருந்து கொலம்பியா பல்கலைக்கழகம்; அங்கிருந்து மேரிலாண்ட், மிஸ்னரிடம். மேரிலாண்டில் அப்போது சுவாரசியமான இன்னொருவரும் இருந்தார். ஜோசப் வெபர், பெரிய அலுமினிய உருளைகளைக் கம்பியில் தொங்கவிட்டு, ஈர்ப்பலை வந்து மோதினால் அவை சுமார் 1,660 ஹெர்ட்ஸில் அதிரும் என்று காத்துக்கொண்டிருந்தார். அலையைப் பிடித்துவிட்டதாக 1969இல் அறிவித்தார். மற்ற ஆய்வகங்கள் அதே மாதிரி உருளை வைத்துப் பார்த்தபோது ஒன்றும் வரவில்லை. வெபரின் கதையை ஏற்கெனவே பார்த்தாயிற்று. ஒரே வளாகத்தில் ஒருவர் அலைக்குக் காது கொடுத்துக்கொண்டிருக்க, இன்னொருவர் அந்த அலை எப்படி ஒலிக்கும் என்ற கேள்விக்குத் தயாராகிக்கொண்டிருந்தார் என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

மிஸ்னர் கொடுத்த கேள்வி இது: கருந்துளையைத் தட்டினால் அது நிலைக்குமா, நொறுங்குமா? 1916இல் கார்ல் ஷ்வார்ட்ஷில்ட் கண்ட தீர்வு, காகிதத்தில் அழகாக இருந்தது. காகிதத்தில் இருப்பதெல்லாம் வானத்தில் இருந்துவிடாது. ஒரு பென்சிலை முனையில் நிறுத்தலாம் என்று இயக்கவியல் சொல்லும்; மேசையில் யாரும் நிறுத்தியதில்லை. கருந்துளையும் அந்த வகைதான் என்றால், அதன்மேல் விழும் சிறு கலக்கம்கூட வளர்ந்து வளர்ந்து அதையே குலைத்துவிடும். அப்படியானால் இயற்கையில் கருந்துளை இருக்க வாய்ப்பே இல்லை.

துல்லியோ ரெஜ்ஜேயும் ஜான் வீலரும் 1957இல் இந்தக் கேள்வியைத் தொட்டிருந்தார்கள். கலக்கத்தைச் சின்னதாக வைத்துக்கொண்டால் ஐன்ஸ்டைனின் சிக்கலான சமன்பாடுகள் ஒரு பரிமாண அலைச் சமன்பாடாகச் சுருங்கிவிடும் என்று காட்டினார்கள். ஆனால் கருந்துளையின் விளிம்பில் அவர்கள் பயன்படுத்திய ஆயமுறை பழுதாகியது. அங்கே எது உண்மையான வெடிப்பு, எது ஆயத்தின் கோளாறு என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1960இல் மார்ட்டின் குருஸ்கல் விளிம்பைத் தாண்டியும் ஒழுங்காக நடக்கும் புது ஆயமுறையைத் தந்தார். விஷ்வேஷ்வரா அதை எடுத்துக்கொண்டார். காலத்தோடு வளர்ந்துகொண்டே போகும் கலக்கம் ஒன்று தொலைவில் ஒழுங்காக இருந்தால், விளிம்பில் முதல் கணத்திலேயே முடிவிலியாகிவிடுகிறது. அப்படி ஒரு தொடக்கம் இயற்கையில் சாத்தியமில்லை. ஆக, வளரும் கலக்கத்துக்கு இடமில்லை. கருந்துளை நிலையானது. அந்தக் கட்டுரை பிசிக்கல் ரிவ்யூ டி இதழில் 1970இல் வந்தது.

அடுத்த கேள்வி தானாக வந்தது. நிலையாக இருக்கிறது, சரி. தனியாக இருக்கும் கருந்துளை ஒன்றை யார், எப்படிப் பார்ப்பது? அது ஒளி விடாது. பக்கத்தில் விழுங்க எதுவும் இல்லையென்றால் சுற்றுப்புறமும் ஒளிராது. விஷ்வேஷ்வராவின் விடை எளிமையானது: அதன்மேல் எதையாவது எறிந்து, திரும்பி வருவதைப் பார்க்க வேண்டும். கண்ணால் பார்க்க முடியாததை, எறிந்து பார்ப்பது இயற்பியலில் பழைய வழக்கம். ரூதர்ஃபோர்டு அணுக்கருவைக் கண்டது அப்படித்தான். இங்கே எறிய வேண்டியது ஈர்ப்பலை. எறியும் இடம் கணினி.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, தொடரின் பழைய பாத்திரமான மின்காந்தத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது. மாக்ஸ்வெல்லின் சமன்பாடுகள் நேரியல்பானவை. இரண்டு ஒளிக்கற்றைகள் குறுக்கே கடந்தால் ஒன்றையொன்று கண்டுகொள்வதே இல்லை. கணினிக்கு இது பெரிய வரம். 1966இல் கேன் யீ என்பவர் மின்புலத்தையும் காந்தப்புலத்தையும் ஒரே புள்ளியில் வைக்காமல், இடத்திலும் காலத்திலும் அரைப்படி தள்ளித் தள்ளி வைத்தார். மின்புலத்திலிருந்து அடுத்த காந்தப்புலம், அதிலிருந்து அடுத்த மின்புலம் என்று மாறி மாறி ஏறிப் போகும் ஒரு முறை பிறந்தது. ஆன்டெனா வடிவமைப்பிலிருந்து செல்பேசி வரை இன்றும் அந்த முறைதான் உழைக்கிறது. ஈர்ப்புக்கு அந்த வசதி கிடையாது. ஈர்ப்பலை சுமக்கும் ஆற்றலும் ஈர்க்கும். அந்த ஈர்ப்பும் அலையை வளைக்கும். ஹானும் லிண்ட்குவிஸ்ட்டும் மாட்டிக்கொண்டது இந்தச் சுழலில்தான்.

ஆனால் கலக்கம் சின்னதாக இருந்தால் ஈர்ப்பும் மின்காந்தம் மாதிரியே நடந்துகொள்கிறது. எவ்வளவு ஒற்றுமை என்றால், ஷ்வார்ட்ஷில்ட் கருந்துளையைச் சுற்றி ஓடும் ஒளியலைக்கும் ஈர்ப்பலைக்கும் ஒரே வடிவச் சமன்பாடுதான். அதில் ஓர் எண் மட்டும் மாறும்: ஒளிக்கு 1, ஈர்ப்புக்கு 2. இரண்டுக்குமே, அலை கருந்துளையை நெருங்கும் வழியில் ஒரு மேடு காத்திருக்கிறது. ஒளிக்கு அந்த மேட்டின் உச்சி, கருந்துளை விளிம்பின் ஆரத்தைப்போல் சரியாக ஒன்றரை மடங்கில் இருக்கும். ஈர்ப்பலையின் முக்கியமான அதிர்வுக்கு அது 1.64 மடங்கில். நீண்ட அலைகள் மேட்டில் முட்டித் திரும்பும். குறுகிய அலைகள் தாண்டி உள்ளே விழுந்து காணாமல்போகும்.

இதைக் கணக்கிடுவது எப்படி என்று பார்த்துவிடலாம். முதல் தந்திரம் தூரத்தை மாற்றி அளப்பது. வீலர் ‘ஆமை ஆயம்’ என்று செல்லமாகப் பெயர் வைத்த அளவுகோலில், விளிம்பை நெருங்க நெருங்கத் தூரம் நீண்டுகொண்டே போகும். விளிம்பு எதிர்முடிவிலிக்குத் தள்ளப்பட்டுவிடும். எட்டவே எட்டாத இடத்தில் கோளாறு இருந்தால் கணினிக்குத் தொந்தரவு இல்லை. பிறகு அந்த நீண்ட கோட்டைச் சம இடைவெளிப் புள்ளிகளாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு புள்ளியிலும் அலையின் இன்றைய உயரமும் நேற்றைய உயரமும் கையில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றையதை இரட்டித்து நேற்றையதைக் கழியுங்கள். இடப்பக்கத்தாரும் வலப்பக்கத்தாரும் தன்னிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறார்களோ அதற்கேற்ற ஒரு தொகையைக் கூட்டுங்கள். அந்த இடத்து மேட்டின் உயரத்துக்கேற்ற ஒரு தொகையைக் கழியுங்கள். வருவது நாளைய உயரம். அவ்வளவுதான். ஒரே ஒரு கட்டுப்பாடு: ஒரு காலப்படியில் ஒளி கடக்கும் தூரம், இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரத்தை மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் எண்கள் சில படிகளிலேயே தறிகெட்டு ஓடும். இது கூராண்ட், ஃப்ரெடரிக்ஸ், லெவி மூவரும் 1928இலேயே, மின்னணுக் கணினி பிறக்கும் முன்பே, கண்டுபிடித்த விதி. இன்று இயற்பியல் மாணவர் எவரும் மடிக்கணினியில் முப்பது நாற்பது வரி நிரலில் இதைச் செய்து பார்க்கலாம். செய்து பார்க்கவும் வேண்டும் என்பேன்.

விஷ்வேஷ்வரா இந்தக் கணக்கில் இறங்கியது நியூயார்க்கில், நாசாவின் விண்வெளி ஆய்வுக் கழகத்தில் இருந்தபோது. அவர் எறிந்தது காசியன் வடிவ அலைத்துடிப்பு; நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும் மணிவடிவம். முதலில் அகலமான துடிப்பு. கருந்துளையைவிட அது மிகப் பெரிதாக இருந்ததால், கூழாங்கல்லின்மேல் பேரலை புரண்டதுபோலக் கடந்துபோய்விட்டது என்று பின்னாளில் அவரே நினைவுகூர்ந்தார். திரும்பி வந்த அலையில் கருந்துளையின் அடையாளம் ஒன்றும் இல்லை. துடிப்பைக் குறுக்கினார். மேலும் குறுக்கினார். திரும்பி வரும் அலையில் சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்கள் தலைகாட்டின. துடிப்பின் அகலம் கருந்துளையின் அளவுக்கு வந்ததும், அதற்குக் கீழே போனதும், அந்த ஏற்ற இறக்கங்கள் ஒரு நிலையான வடிவத்துக்கு வந்து நின்றுவிட்டன. அதன்பின் துடிப்பை எவ்வளவு குறுக்கினாலும் அதே சுருதி. அதே வேகத்தில் தேய்வு. எறிந்ததன் குணம் மறைந்து, எறியப்பட்டதன் குணம் மட்டும் திரும்பி வந்தது.

இந்தக் கட்டத்தைப் பல வரலாறுகள் ‘விஷ்வேஷ்வரா கணித்தார்’ என்று ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. எனக்கு அந்த வினைச்சொல்லில் உடன்பாடு இல்லை. சமன்பாட்டை முறுக்கிப் பிழிந்து இந்த விடையை அவர் வரவழைக்கவில்லை. ஓர் ஆய்வகத்தில் செய்வதுபோல் ஒன்றை மாற்றி, மற்றதைக் கவனித்து, மீண்டும் மாற்றினார். கண்டார் என்பதே சரி. சமன்பாட்டை ரெஜ்ஜேயும் வீலரும் எழுதி 13 ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த அதிர்வு அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தும், எறிந்து பார்த்தவர் வரும்வரை யாருக்கும் தெரியவில்லை.

கட்டுரை 1970இல் நேச்சர் இதழில் வந்தது. சில பக்கங்கள்தான். தலைப்பிலேயே ‘கருந்துளை’ என்ற சொல் இருக்கிறது. வீலர் அந்தச் சொல்லைப் பரப்பத் தொடங்கி மூன்று ஆண்டுகூட முழுதாக ஆகியிருக்கவில்லை.

எண்களில் சொன்னால்தான் இது பிடிபடும். சூரியனைப்போல் 10 மடங்கு நிறையுள்ள, சுழலாத கருந்துளை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் விளிம்பின் ஆரம் சுமார் 30 கிலோமீட்டர். சென்னை சென்ட்ரலில் மையம் வைத்தால் செங்கல்பட்டைத் தொடாது. அதைத் தட்டினால் சுமார் 1,200 ஹெர்ட்ஸில் அதிரும், மனிதக் காதுக்கு எட்டும் சுருதிதான். ஆனால் அரை மில்லி விநாடிக்குச் சற்று அதிகமான நேரத்துக்குள் அதன் வீச்சு மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஒரு முழு அதிர்வு முடிவதற்குள்ளேயே பெரும்பகுதி போய்விடுகிறது. ஆற்றலில் கொஞ்சம் உள்ளே விழுகிறது, மீதி வெளியே அலையாகப் போகிறது. பிடித்து வைத்துக்கொள்ள கருந்துளையிடம் ஒன்றும் இல்லை. நிறை இரட்டித்தால் சுருதி பாதியாகும், தேய்வு நேரம் இரட்டிக்கும். ஆக, சுருதியையும் தேய்வையும் அளந்தால் கருந்துளையை எடைபோட்டுவிடலாம்.

பெயர் வைத்தவர் இன்னொருவர். 1971இல் வில்லியம் பிரஸ் இந்த அதிர்வுகளுக்குக் குவாசி-நார்மல் மோட் என்று பெயரிட்டார், அது நிலைத்துவிட்டது. சுருதிகளைத் துல்லியமாகக் கணக்கிடும் வேலை நம் ஊர்க்காரரிடம் வந்தது. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், அப்போது சிகாகோவில், அறுபதைத் தாண்டிய வயதில் கருந்துளைக் கணிதத்தில் முழு மூச்சாக இறங்கியிருந்தார். 1975இல் ஸ்டீவன் டெட்வைலரும் அவரும் ஷ்வார்ட்ஷில்ட் கருந்துளையின் அதிர்வெண்களை எண்முறையில் கணக்கிட்டு வெளியிட்டார்கள். ஈர்ப்பின் இரண்டு தனித்தனிச் சமன்பாடுகள், ரெஜ்ஜே-வீலருடையதும் ஃபிராங்க் ஜெரில்லியுடையதும், வெவ்வேறு மேடுகளைக் கொண்டிருந்தும் ஒரே சுருதிகளைத் தருகின்றன என்பது அதில் வெளிப்பட்ட வியப்பு. சந்திரசேகருக்கு இப்படிப்பட்ட ஒத்திசைவுகள்மேல் தனிக் காதல் உண்டு. அதன் காரணத்தைத் துருவி எடுத்து 1983இல் தன் பெரிய புத்தகத்தில் விரிவாக எழுதிவைத்தார்.

விஷ்வேஷ்வரா 1976இல் பெங்களூருக்குத் திரும்பி ராமன் ஆய்வுக் கழகத்தில் சேர்ந்தார். பிறகு இந்திய வானியற்பியல் கழகம். 1989இல் தொடங்கிய பெங்களூர் நேரு கோளரங்கத்தின் முதல் இயக்குநர் அவர்தான். அந்நகரத்துப் பள்ளிப்பிள்ளைகள் பலருக்கு அவர் கோளரங்கத்து மாமா மட்டுமே; நேச்சர் கட்டுரை பற்றி யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ராமன் கழகத்தில் அவருடைய சக ஆய்வாளரான பாலா ஐயர், மோதலுக்கு முன் இரண்டு கருந்துளைகள் சுற்றிச் சுற்றி நெருங்கும் கட்டத்தின் அலையைக் கையால் கணக்கிடும் முயற்சியில் பிரெஞ்சுக்காரர்களோடு சேர்ந்து உலக அளவில் முன்னணிக்கு வந்தார். ஆக, மோதலின் முன்கதைக்கும் பின்கதைக்கும் பெங்களூரின் ஒரே கட்டடத்தில் ஆள் இருந்தது. நடுவில் உள்ள மோதல்தான் கணினிக்காகக் காத்திருந்தது.

2015 செப்டம்பர் 14 அன்று லைகோ ஈர்ப்பலை ஆய்வகத்தின் இரண்டு கருவிகளும் ஓர் ஈர்ப்பலையைப் பிடித்தன. சூரியனைப்போல் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் மோதி 62 மடங்கு நிறையுள்ள ஒன்றாகியிருந்தன. மூன்று சூரிய நிறை அலையாகப் போயிருந்தது. மோதலுக்குப் பின் பிறந்த கருந்துளை சுமார் 250 ஹெர்ட்ஸில் அதிர்ந்து, 4 மில்லி விநாடி அளவில் தேய வேண்டும் என்றது கணக்கு. பதிவின் வால்பகுதி அதோடு ஒத்துப்போயிற்று. 2016 பிப்ரவரி 11 அன்று அறிவிப்பு வந்தபோது விஷ்வேஷ்வராவுக்கு 78 வயதாக ஒரு மாதம்கூட இல்லை. அடுத்த ஜனவரி 16 அன்று காலமானார். 2025 ஜனவரி 14 அன்று வந்த இன்னொரு அலை முதலாவதைவிடப் பன்மடங்கு தெளிவாக இருந்ததால், அதன் வாலில் அடிப்படைச் சுருதியோடு அதன் மேற்சுருதி ஒன்றையும் பிரித்தெடுக்க முடிந்திருக்கிறது.

கூர்ந்து படிக்கும் வாசகர் இங்கே ஒரு கேள்வி எழுப்புவார். 62 சூரிய நிறையை விஷ்வேஷ்வராவின் கணக்கில் போட்டால் சுமார் 195 ஹெர்ட்ஸ்தான் வரும், 250 எங்கிருந்து வந்தது? பிரபஞ்ச விரிவால் அலை நீண்டுவிட்டது என்று சமாளிக்கவும் வழியில்லை. அது சுருதியை இன்னும் இறக்கத்தான் செய்யும். காரணம், லைகோவுக்கு எட்டிய அலையை எழுப்பிய கருந்துளை சுழன்றுகொண்டிருந்தது. சுழலும் கருந்துளைக்கு ஷ்வார்ட்ஷில்ட்டின் தீர்வு போதாது. ராய் கெர் 1963இல் கண்ட தீர்வு வேண்டும். அதில் அலைச் சமன்பாடு இப்படி எளிதாகப் பிரியாது என்றே பலரும் நினைத்திருந்தார்கள். 1972இல் கால்டெக்கில் சால் டியூகோல்ஸ்கி என்ற மாணவர் அதைப் பிரித்துக் காட்டினார். ஒளியும் ஈர்ப்பும் அங்கேயும் ஒரே சமன்பாட்டில் அடங்கின. அவர் எப்படிச் செய்தார் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.